காரமடையில் விட்டு வைத்த சைக்கிள்

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். காரமடையில இருக்கற அக்கா ஊட்டுக்குப் போயி, என் சைக்கிளை வாங்கி, பஸ் மேல போட்டுக்கிட்டு வரணும்.

தொண்ணூறுகள்ல நடந்த கதை இது. மறுநாள் கோயமுத்தூர்ல இருந்து கொடுமுடி போயிட்டு அன்னிக்கே திரும்பற, வருஷா வருஷம் நடக்கற சைக்கிள் பயணம். போன வருஷம் காங்கேயத்துல கெண்டைக்கால் இழுத்துப் புடிச்சு, தேங்காய் லாரி மேல உக்காந்து ஊர் வந்து சேந்தேன். ஆபீஸ்ல அன்னியில இருந்து எனக்கு 'லாரி'ன்னுதான் பேரு. இந்தத் தடவை முடிச்சே ஆகணும்.

எங்க சைக்கிள் குழுவுல நாலஞ்சு தடவை முடிச்சவர் ஒருத்தர் சொன்னாரு: "ஏனுங்க, கடைசி வாரம் ஓட்டறதக் கொஞ்சங்கொஞ்சமாக் கொறச்சுப்போடுங்க. காலுக்கு ஓய்வு வேணுமுங்க."

நமக்கு எதையும் பாதியாச் செஞ்சு பழக்கமில்லை. ஒரேயடியா நிறுத்திட்டேன். சைக்கிள் ஊட்டுல இருந்தாக் கை சும்மா இருக்காதுன்னு, முந்தின ஞாயித்துக்கிழமையே சைக்கிளைக் காரமடையில விட்டுட்டு பஸ்ல வந்துட்டேன்.

அந்த வாரம் பூரா நான் மாடிப்படிகூட ஏறல. காய் வாங்கிட்டு வரச் சொன்னா, "கால் ஓய்வுல இருக்குது"ன்னு சொல்லிருவேன். என் சம்சாரம் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

அக்கா ஊட்டு வாசல்ல சைக்கிளைக் காணோம்.

"மச்சான் எடுத்துட்டுப் போயிருக்காரு கண்ணு. பால் ஊத்திப்போட்டு வந்துருவாரு. நீ சாப்புடு."

"பாலா?"

"அவரு மொபெட்டு ரிப்பேருல கெடக்குது. உன் சைக்கிள் சும்மாத்தானே நிக்குது?"

எனக்குச் சோறு இறங்குமா? பால் சொசைட்டிக்கு நடந்தேன். "இப்பத்தானுங்க தவுடு வாங்கப் போனாரு"ன்னாங்க. தவுட்டுக் கடைக்கு நடந்தேன். "தோட்டத்துக்குப் போயிட்டாருங்களே"ன்னாங்க. தோட்டம் மூணு கிலோமீட்டர். ஒரு வாரமாப் பொத்திப் பொத்தி வெச்ச ஓய்வெல்லாம் அந்த வெயில்லயே தீந்துபோச்சு.

தோட்டத்துல மச்சான் சிரிச்ச முகமா நின்னாரு. பக்கத்துல ஒரு சைக்கிள். பின்னால கனத்த இரும்புக் கேரியர், ரெண்டு பக்கமும் பால்கேன் மாட்டற கொக்கி. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அது என்னோடதுன்னே புரிஞ்சுது.

"வாங்க மாப்ள. சும்மா நிறுத்துனாத் துருப் புடிச்சுப்போகுமுங்க. அதான் தினமும் ரெண்டு நடை ஓட்டிப்போட்டேன். கேரியர் இல்லாம என்னுங்க சைக்கிள்? வெல்டிங்கே வெச்சாச்சு. உங்களுக்கே இருக்கட்டும்."

"மச்சான், நாளைக்கு இதுலதான் நான் கொடுமுடி போகணும்."

"அதுக்குத்தானுங்க நல்லாப் பழக்கி வெச்சிருக்கறேன்."

எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆனா இவ்வளவு பிரியமாப் பேசற மனுசன்கிட்ட எப்படிச் சண்டை போடறது? "ரொம்ப சந்தோசமுங்க மச்சான்"னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கேரியர் காலியாப் போகக் கூடாதுன்னு ஒரு மூட்டை தேங்காயை ஏத்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டாரு.

பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் கையை விரிச்சாரு. "மேல பூரா வாழைத்தாருங்க. சைக்கிளுக்கு எடமில்லீங்க."

அடுத்த பஸ்லயும் அதே வாழைத்தார், அதே பதில். கோயமுத்தூர் வரைக்கும் மூட்டையோட மிதிச்சேன். ஊடு வந்து எறங்கினப்ப கால் ரெண்டும் என் பேச்சைக் கேக்கல. தேங்காயைப் பாத்து சம்சாரம் மட்டும் அந்த வாரத்துல முதல் தடவையாச் சிரிச்சா.

மறுநாள் கேரியரோடவே கெளம்பினேன். சரியா அதே காங்கேயத்துல, அதே கெண்டைக்கால் இழுத்துப் புடிச்சுது. ரோட்டோரம் உக்காந்து, வந்த லாரிக்குக் கை காட்டுனேன். டிரைவர் எட்டிப் பாத்தாரு.

"போன வருசமும் நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

மறுபடியும் தேங்காய் மேல ஏறி உக்காந்தேன். சைக்கிளை மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. அது நல்ல பயிற்சியில இருந்துச்சு.