காலி இடத்தைத் துடைத்தவர்

இந்த வாரத்தோடு மனைவியின் கொட்டத்தை அடக்கிவிடுவது என்று போட்டோகாரர் தீர்மானித்தார். காரணம் இல்லாமல் இல்லை. நாலு பேர் மதித்த மனுஷனை இப்போது தெருவே "எம்பிராய்டரி அம்மா வீட்டுக்காரர்" என்றல்லவா கூப்பிடுகிறது. வயிறு எரியாதா?

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அவள் வரைந்த பூவேலை டிசைன்கள் ஒரு ஃபோல்டரில். பல வருஷமாக இவர் நனைந்து நனைந்து எடுத்த மழைப் படங்கள் இன்னொன்றில். அந்தப் படங்களைக் கண்காட்சிக்கு அனுப்பித்தான் போன மானத்தை மீட்கவேண்டும். நகல் எடுத்து வைப்பது பயந்தாங்கொள்ளிகள் வேலை என்பது அவர் கட்சி.

ரிப்பேர் கடைக்காரரிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தார்.

"ஒரு ஃபைலை அழிச்சா ஒரேயடியா போயிடுமா?"

"எங்க போகும்? 'இந்த இடம் காலி'ன்னு கம்ப்யூட்டர் குறிச்சுக்கும், அவ்வளவுதான். சரக்கு அங்கயேதான் கிடக்கும். நான் எடுத்துக் கொடுத்துடுவேன்."

"எடுக்கவே முடியாதபடி செய்யணும்னா?"

"காலி இடம் பூராவையும் துடைக்கணும். அதுக்குன்னு புரோகிராம் இருக்கு. மூலை முடுக்கெல்லாம் பூஜ்யமா எழுதித் தள்ளிடும். இருக்கிற ஃபைலைத் தொடாது. அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் வராது."

மனைவி நூல் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, 'டிசைன்' என்று பேர் போட்ட ஃபோல்டரை அழித்தார். திறந்துகூடப் பார்க்கவில்லை, அவள் பூக்களைக் கண்டாலே அவருக்கு எரிச்சல். குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, துடைக்கும் வேலையை ஓடவிட்டார். திரையில் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடியும்வரை நாற்காலியை விட்டு அசையவில்லை.

அவள் வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். சிரித்தாள்.

"அழிச்சுட்டீங்களா?"

"எதை?"

"உங்க மழையை. ஒரு வாரமா உங்க முழியே சரியில்ல. அதான் ரெண்டு ஃபோல்டருக்கும் பேரை மாத்தி வச்சேன்."

அவர் பாய்ந்து போய் மீதி இருந்த ஃபோல்டரைத் திறந்தார்; உள்ளே பூராவும் பூக்கள்.

"பயந்துடாதீங்க. கடைக்காரர் எடுத்துக் கொடுத்துடுவார். ரெண்டு நாள் தவிக்கட்டும்னுதான் செஞ்சேன்."

"எடுக்க முடியாது," என்றார் அவர். "காலி இடத்தைத் துடைச்சுட்டேன்."

"பூராவையுமா?"

"பூராவையும்."

அவள் சிரிப்பு நின்றது. ஒரு கணம் முகத்தில் பாவம் பார்ப்பதுபோல் ஏதோ தெரிந்தது. யாருடைய பூக்களுக்கு வைத்த குறி அது என்று ஞாபகம் வந்திருக்கவேண்டும், அதுவும் போய்விட்டது.

"கல்யாணமான நாள்லேருந்து," என்றாள், "நீங்க முழுசா முடிச்ச வேலை இது ஒண்ணுதாங்க."