கரி கேஸும் என் இரண்டு புருவங்களும்

வாயைத் திறந்து கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியத்தை, கேட்கக் கூச்சப்பட்டு ஐந்து நாள் வேலையாக்கிக்கொள்கிற ஆள் நான். (ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதும் இதனால்தான். ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில் தலைமையாசிரியர் என் பெயரைக் கேட்டார். நான் சொல்லவில்லை.)

ஆலங்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் கடலைக் கொல்லை உண்டு. காய் பிடிக்கிற சமயத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. சரிசெய்யப் பத்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர். அதுவரை தண்ணீர் இல்லையென்றால் அத்தனையும் பருப்பில்லாத பொக்குக் கடலை.

"எங்க அப்பாகிட்ட டீசல் இன்ஜின் சும்மாத்தானே கெடக்கு? ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றாள் என் மனைவி செல்வி.

மாமனாரிடம் ஒரு வார்த்தை! கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் பேசியது "வாங்க", "சாப்பிடுங்க" இரண்டுதான். அதைவிட ஒரு இயந்திரம் செய்வதே சுலபமாகத் தோன்றியது.

நான் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவன். போனில் ஒரு வெளிநாட்டுக்காரர் டிரம்மில் கரியைப் போட்டு, காற்றைக் குறைத்து எரித்து, வருகிற கேஸில் இன்ஜின் ஓட்டியதைப் பார்த்திருந்தேன். பேச்சு புரியவில்லை, கை புரிந்தது. சீமைக்கருவேலங் கரிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஒரு டிரம், இரண்டு பைப், கேஸை வடிகட்டத் தேங்காய் நார், பட்டறை மூலையில் பம்போடு கிடந்த பழைய பெட்ரோல் இன்ஜின் (பெட்ரோல் ஊற்றி ஓட்டக் கட்டுப்படியாகாது). நாலே நாளில் தயார்.

ரகசியமாக ஓட்டிப் பார்க்கத்தான் நினைத்தேன். செல்வி ஊரையே கூட்டிவிட்டாள். மாமனாரையும்.

புது மெஷினைச் சும்மா விடுவார்களா? டிரம்முக்குச் சந்தனம், குங்குமம். கேஸ் வெளிவரும் பைப்பின் வாயில் சாமந்தி மாலை. கரியைப் பற்றவைத்து, கையால் ஊதுவிசிறியைச் சுற்றினேன். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்து நின்றது.

"அணைஞ்சுபோச்சு போலருக்கே மாப்ள" என்றார் மாமனார். "கரிய வச்சு இஸ்திரி போடலாம். தண்ணி எறைக்க முடியுமா?"

ஒரே சிரிப்பு. உண்மையில், புகை நின்றால்தான் நல்ல கேஸ் வருகிறது என்று அர்த்தம். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். முப்பது பேர் பார்த்தார்கள். மூடிக்கொண்டேன்.

செல்விக்குப் பொறுக்கவில்லை. "முனீஸ்வரா, நீதான் இந்த மனுசனக் காப்பாத்தணும்" என்று எரிகிற கற்பூரத் தட்டோடு பைப்பை நோக்கி வந்தாள்.

கண்ணுக்குத் தெரியாமல் கேஸ் வந்துகொண்டிருந்தது, நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். 'வேண்டாம்' என்று ஒரு சொல் போதும். (அதற்கும் கூச்சம்.) சொல்வதற்குப் பதிலாக, மாலையாவது தப்பட்டும் என்று அதைக் கழற்றக் குனிந்தேன், முகத்தை நேராகப் பைப்புக்குக் கொடுத்து.

டப்!

மாலை கருகியது. மீசையில் பாதியும் இரண்டு புருவங்களும் போயின. கூட்டம் திசைக்கொருவராய்ச் சிதறியது. மாமனார் ஒரு செருப்பை விட்டுவிட்டுக் கடலைச் செடிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்.

பைப் முனையில் தீ நீலமாக நின்று எரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை.

"யாரும் ஓடாதீங்க! கேஸு வந்துருச்சு! மாமா, செடிய மிதிக்காம இங்கிட்டு வாங்க!"

கத்தியது நான்தான். யார் அது என்று செல்வியே திரும்பிப் பார்த்தாள்.

ஈரச் சாக்கால் தீயை அமர்த்தி, பைப்பை இன்ஜினில் மாட்டி, ஒரு மூடி பெட்ரோலில் கிளப்பினேன். பெட்ரோல் தீர்ந்ததும் இன்ஜின் இருமியது, விக்கியது, பிறகு கேஸைப் பிடித்துக்கொண்டு ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் குதித்து வந்தது. சாயங்காலத்துக்குள் கொல்லை முழுக்க நனைந்துவிட்டது.

மாமனார் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். தரையைப் பார்த்தார்.

"மாப்ள... நமக்கும் ஒண்ணு செஞ்சு தாரீங்களா?"

கேட்கக் கூச்சப்பட்டது அன்றைக்கு அவர்!

அந்த வருடக் கடலை பொக்கில்லாமல் விளைந்தது. புருவமும் விளைந்தது, இடதுபக்கம் பாதி தவிர. இப்போதும் வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டால் செல்வி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்:

"ஏங்க, கேஸு தீந்துபோச்சு! கொஞ்சம் மொகத்தக் காட்டுங்க, கற்பூரம் ஏத்துறேன்."