தையற்கடை வாசல் குட்டை

தையற்கடைப் படிக்கு எதிரே ஒரு குட்டை கிடந்தது. மழை பெய்து இருபது நாள் ஆகிறது. பக்கத்தில் குழாய் இல்லை. யாரும் வாசல் கழுவவும் இல்லை. ஆனாலும் நடைபாதைக் கற்கள் இரண்டுக்கு நடுவிலிருந்து நீர் கசிந்து வந்து, ஒரு பாய் அகலத்துக்குச் சத்தமில்லாமல் படுத்திருந்தது. அதற்குள் தூங்குமூஞ்சி மரம் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் குந்தி உட்கார்ந்து, ஒரு விரலை நனைத்து மோந்து பார்த்தார். குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடம் கசிவு கண்டுபிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

"சாக்கடை இல்ல. குடிதண்ணியும் இல்ல, மருந்து வாசனையே வரல."

"அப்ப இது என்ன தண்ணி சார்?" என்றார் தையற்கடை அக்கா, வாயில் குண்டூசிகளோடு.

"அதான் தெரியல."

"சீக்கிரம் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க. பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வந்த மனுஷன் இதுல வழுக்கி விழுந்து, ஒத்தைக் கால்ல மாவுக்கட்டோட நிக்கறாரு. ரெண்டு கால் அளவும் ஒத்துப்போகல. நான் எதை நம்பித் தைக்கறது?"

"எப்ப எப்ப வருது?"

"தினமும் வராது சார். நீங்க கூட்டம் போடற அன்னிக்கு மட்டும்தான். நாலு மணிக்கு நீங்க எல்லாரும் பக்கத்துக் கட்டட மாடிக்கு ஏறுவீங்க. அஞ்சு மணிக்கு இது எட்டிப் பாக்கும்."

செயலாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதோடு சரி.

மறுநாள் தன்னுடைய பழைய இரும்புக் கம்பியோடு வந்தார். ஆள் உயரக் கம்பி. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். மண்ணுக்கடியில் குழாய் உடைந்திருந்தால் தண்ணீர் அழுத்தத்தோடு சீறும். அந்தச் சீறல் மண்ணில் பரவி, கம்பியில் ஏறி, காதுக்கு வந்துவிடும். எத்தனையோ தெருக்களின் வயிற்றை அவர் அப்படிக் கேட்டிருக்கிறார்.

இந்தத் தெருவில் தையல் எந்திரத்தின் ஓட்டம் கேட்டது. யாரோ படியிறங்கும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றபோது, மரத்தின் வேர்கள் மெல்ல நீர் குடிப்பதுகூடக் கேட்பதுபோல் இருந்தது. குழாய் எதுவும் சீறவில்லை.

"தூங்கிட்டீங்களா சார்?" என்றார் அக்கா.

"கேட்டுக்கிட்டிருக்கேன்."

"குறட்டை வந்துச்சு, அதான் கேட்டேன்."

அன்று மாலை வரை அவர் கடையிலேயே உட்கார்ந்து காவல் காத்தார். கூட்டம் இல்லாத நாள். கற்கள் காய்ந்தே கிடந்தன.

இதை அவர் அடுத்த கூட்டத்தில் அறிவித்ததும் 'ஒரு நிமிஷம்' எழுந்தார். அவர் ஓய்வு பெற்ற வக்கீல். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து நாற்பது நிமிடம் கழித்து உட்காருவதால் வந்த பெயர்.

"ஒரு நிமிஷம். நாம இங்க உட்கார்ந்திருக்கும்போதுதான் தண்ணி வருது. செயலாளர் காவல் இருந்தா வரல. அப்படின்னா யாரோ ஆள் பாத்துத் திறந்து விடறாங்க. நாம பேசறது அத்தனையும் அவங்க காதுக்குப் போகுது."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சங்கத்துக்கு இதுவரை எதிரி இருந்ததில்லை. பூங்கா நாற்காலிக்கு என்ன நிறம் அடிப்பது என்றுதான் ஐந்து வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரி கிடைத்ததில் எல்லாருக்கும் உள்ளூர மகிழ்ச்சி.

ஜன்னல்கள் சாத்தப்பட்டன. கதவிடுக்கில் பழைய திரைச்சீலையைத் திணித்தார்கள். வாரம் ஒரு கூட்டம் என்பது தினம் ஒரு கூட்டம் ஆயிற்று. இதுவரை வராதவர்களும் வரத் தொடங்கினார்கள். அறையின் மூலையில் ஆவி பறக்கத் தேநீர் கொதித்தது. புழுக்கம் தாங்காமல், போன மாதம் மாட்டிய ஏசியின் டிகிரியைச் சங்கத் தலைவர் குறைத்துக்கொண்டே போனார்.

கூட்டம் முடிந்து கீழே இறங்கியபோது செயலாளரின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. தெரு, மரம், விளக்குக் கம்பம் எல்லாம் பாலில் கரைந்து மிதந்தன. அந்த மிதப்பு அவருக்குப் பிடித்திருந்தது. துடைக்காமலே நடந்தார்.

"கண்ணு ஏதாச்சும் பண்ணுதா?" என்று கவலையோடு கேட்டார் தலைவர்.

"அதெல்லாம் இல்ல. ரொம்பச் சாதாரண விஷயம். கண்ணாடி உள்ள இருந்து குளிர்ந்து வருது. காத்துல எப்பவும் கண்ணுக்குத் தெரியாம ஈரம் இருக்கும். குளிர்ந்த பொருள் மேல பட்டதும் அது தண்ணியா மாறிடும். இன்னும் கொஞ்சம் சேர்ந்தா சொட்டும்."

"அடேயப்பா. உங்களுக்குத் தெரியாததே கிடையாது."

"ஏதோ கொஞ்சம்" என்ற செயலாளரின் கால் சளக்கென்று எதிலோ இறங்கியது. குட்டை இரண்டு பாய் அகலமாகியிருந்தது.

வேறு வழியில்லாமல் நகராட்சிக்கு மனு எழுதினார். 'வேர் ஏதேனும் பழைய குழாயை உடைத்திருக்கலாமோ' என்று ஒரே ஒரு வரி, மனு பார்க்க நிறைவாக இருக்கட்டுமே என்று சேர்த்தார். நகராட்சி எந்த மனுவுக்கும் மூன்று மாதத்துக்குமுன் அசைந்ததில்லை. இதற்கு மூன்றே நாளில் பதில் வந்தது. புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் பொறியாளர் வருவார். இடம் ஈரமாக இருந்தால் வேரே காரணம் என்று கொண்டு, வியாழன் காலை மரம் வெட்டப்படும்.

செயலாளர் கடிதத்தை மனைவியிடம் படித்துக் காட்டினார். தெருவின் எதிர்ப்புறம் அவர்கள் வீட்டு மேல்மாடி முகப்பில், அந்த மரத்தின் கிளை நிழலில்தான் அந்த அம்மாளின் நாற்காலி இருபது வருடமாகக் கிடக்கிறது. மாலையில் மரம் இலைகளை ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்த்துக்கொண்டே அவரும் கொஞ்சம் கண்ணயர்வார்.

"ஏங்க, மரத்தை வெட்டுவாங்களா?"

"ஈரமா இருந்தாத்தான்."

"சரி. வெட்டிட்டா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"புதுசா ஒண்ணு நட்டு, அது இந்த உயரம் வளர்ந்ததும் சொல்லி அனுப்புங்க."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.

புதன்கிழமை பகல் தெரு எலும்புபோல் காய்ந்து கிடந்தது. ஆறு மணி வரை இப்படியே இருந்தால் போதும். அதை எப்படிக் காப்பாற்றுவது என்று முடிவு செய்ய இரண்டு மணிக்கே அவசரக் கூட்டம் கூடியது. அறுபது பேர். நிற்க இடமில்லை. மரத்தைப் பற்றி எல்லாருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. ஒருவர் கண் கலங்கினார். 'ஒரு நிமிஷம்' மூன்று முறை எழுந்தார்.

"ஏசி பத்தவே இல்லையே" என்று தலைவர் போன் போட, நான்கரை மணிக்கு ஏசி மெக்கானிக் ஏணியோடு வந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜன்னலோரம் போனார். எதையோ திறந்து பார்த்தார். வெளியே தலையை நீட்டிச் சுவரைப் பார்த்தார். பிறகு ஏணியை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: நாளையும் கூடுவது.

எல்லாரும் இறங்கினார்கள். செயலாளருக்குக் கண்ணாடி வெளுத்துப்போய், வெள்ளைக்குள் ஒரு பெரிய பச்சை மட்டும் தெரிந்தது. மரம் இலை மூடிக்கொண்டிருந்தது. எதிர் மாடியில் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலவும், பக்கத்தில் பெட்டி ஒன்று இருப்பதுபோலவும் தோன்றியது. கனவில் நடப்பவர் மாதிரி இரண்டு அடி வைத்தார்.

சளக்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். குட்டை மூன்று பாய்க்கு விரிந்து, கடைப்படியைத் தொட்டிருந்தது. மரம் முழுசாக அதற்குள் இருந்தது.

"ரொம்ப ஈரம்தான்" என்றார் பொறியாளர். அட்டையில் செருகிய தாளில் பேனாவை வைத்தார்.

"சார், கொஞ்சம் இருங்க..." என்றார் செயலாளர்.

"ஒரு நிமிஷம்" என்று தொடங்கினார் வக்கீல்.

"ஐயோ, நீங்க பேசாதீங்க" என்றது ஒரு குரல். குட்டையின் மறுகரையில், கற்களின் இடுக்கில் கையை விட்டபடி ஏசி மெக்கானிக் குந்தியிருந்தார். பக்கத்தில் தையற்கடை அக்கா டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மரத்தை வெட்டறாங்க?" என்று கேட்டார் மெக்கானிக். "ஏசித் தண்ணி போற ட்யூபை, போன மாசம் நான்தான் உங்க கட்டடத்துப் பழைய மழைக்குழாய்ல செருகிவிட்டேன். அது கல்லுக்கடியில ஓடி வந்து இங்க முடியுது. இதெல்லாம் நீங்க விட்ட மூச்சு சார். கூட்டத்தை நிறுத்துங்க, குட்டை நின்னுடும்."