வயலின் பெட்டியில் போன பொல்லு

பேர்லினில் சொந்த முழங்கால் வலியை மறந்துவிட்டு, அடுத்தவனுடைய பொல்லுக்கு நல்லெண்ணெய் பூசிய ஒரே மனிதர் எங்கள் பொல்லண்ணைதான்.

பொல்லின் சொந்தக்காரன் தெம்பா. நொய்கெல்ன் பகுதி உணவகமொன்றில் அண்ணையோடு கோப்பை கழுவிய தென்னாபிரிக்க சூலு இளைஞன். ஒரே மரத்தில் செதுக்கிய தடி, நுனியில் தோடம்பழமளவு உருண்டை. செத்துப்போன தகப்பன் கொடுத்தது. அவர்களுடைய கலியாணங்களில் ஆண்கள் அதைப் பிடித்துத்தான் ஆடுவார்களாம். தெம்பா அறை எடுத்த வீட்டுக்காரி "ஆயுதம் உள்ளே வரக்கூடாது" என்றதால், அது அண்ணையிடம் அடைக்கலம் புகுந்தது.

அன்று பிடித்தது அண்ணையும் நானும் குடியிருந்த கட்டடத்துக்குச் சனி. சனிக்கிழமை தோறும் பொல்லுக்கு எண்ணெய் முழுக்கு, பிறகு பல்கனியில் வெயில். ஒருநாள் நான் அதால் முதுகு சொறிந்துவிட்டேன்.

"வையடா கீழ! அது அவன்ர அப்பற்ர கை பட்டது. உன்ர முதுகு சொறியவே?"

தெம்பாவுக்குக் கலியாணம் வந்தது. தகப்பன் இல்லாத சபையில் பொல்லாவது நிற்கவேண்டும் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். வயலின் வாசிக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். யூபான் சுரங்க ரயில் நிலையத்தில் பொலிஸ்காரி மறித்தாள்.

"இது என்ன?"

"மாப்பிள்ளையின் தகப்பன்," என்றார் அண்ணை, அழகான ஜெர்மனில்.

நான் இடையில் விழுந்து விளக்கினேன். பூட்டிய பெட்டிக்குள் என்றால் கொண்டு போகலாம், இல்லாவிட்டால் பறிமுதல் என்றாள். அண்ணையின் பார்வை பூட்டு வைத்த என் வயலின் பெட்டியில் விழுந்தது.

"ஏலாது அண்ணை!"

"தம்பி, உன்ர வயலினுக்கு அப்பர் இருக்கிறாரோ?"

நான் பெட்டியைத் திறந்தேன். பொல்லு மெத்தையில் படுத்துப் போனது. வயலினை அண்ணை சால்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு கிழவி எழுந்து இடம் கொடுத்தாள். அண்ணை கூச்சமேயில்லாமல் உட்கார்ந்தார்.

மண்டபத்தில் தெம்பா பெட்டியைத் திறந்தான். பொல்லின் தலையில் சந்தனப் பொட்டு! அவன் அதை அழிக்கவில்லை. பொட்டோடு உயர்த்திப் பிடித்து, தரை அதிர ஆடினான். அண்ணை மூலையில் நின்று கண்ணைத் துடைத்தார்.

"என்ன அண்ணை, அழுறியளோ?"

"விசர்க்கதை கதையாத. வெங்காயச் சம்பல்."

தெம்பா தனிவீடு எடுத்தான், பொல்லும் அவனோடு போயிற்று. அடுத்த சனிக்கிழமை அண்ணை நல்லெண்ணெய்ப் போத்தலோடு பல்கனியில் சும்மா நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. என் வயலின் வில்லை எடுத்து நீட்டினேன்.

"இதுக்கும் கொஞ்சம் பூசிவிடுங்கோ அண்ணை."

அடி முதல் நுனி வரை ஆசையாகப் பூசினார். எண்ணெய் குடித்த வில்லில் இனி ஒரு சுரமும் பிறக்காது. எறிய மனம் வரவில்லை. சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.