பேசல் சார் கேட்காத கையெழுத்து

சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்து யாரோ எழுதிய விதிகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் விருத்தாசலத்தில் ஒருவர்தான். எங்கள் வங்கியின் எல்லாக் கிளைகளையும் சேர்த்தாலும் அவர் ஒருவர்தான் என்பது என் துணிபு. வங்கிகளின் மூலதனம் பற்றிய அந்த விதிகளுக்கு அங்குள்ள பேசல் என்ற நகரத்தின் பெயர் என்பதால், நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பேசல் சார். பெயர்தான் பேசல். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. கொடுத்த கடனின் ஆபத்துக்குத் தக்கபடி வங்கி தன் சொந்த மூலதனத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது அந்த விதிகளின் சாரம். ஆபத்தை அளக்க, அடமானப் பத்திரம் கோர்ட்டில் நிற்குமா என்று தெரிய வேண்டும். எல்லாக் கடன்களையும் பார்த்துச் சான்று அனுப்பச் சொல்லி தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மற்ற கிளைகளில் ஒரே மத்தியானத்தில் 'நிற்கும்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். எங்கள் கிளையில் அந்த வேலை கடன் பிரிவு அதிகாரியான பேசல் சாரிடம் போய்ச் சேர்ந்தது. உதவிக்கு கிளார்க்கான நான்.

குடையை எடுத்துக்கொண்டு ஊரில் கடன் வாங்கியிருந்த ஒவ்வொரு பீங்கான் பட்டறையாகப் பார்க்கக் கிளம்பினார். முதல் பட்டறையிலேயே சூளையை இரண்டு கைகளாலும் தள்ளினார்.

"என்னாங்க சார் பண்றீங்க?" முதலாளி ஓடி வந்தார்.

"பத்திரத்துல அசையும் சொத்துன்னு எழுதியிருக்கு. அசையுதான்னு பாக்கறேன்."

அசையவில்லை. குறித்துக்கொண்டார். இன்னொரு இடத்தில், ஜாமீன் போட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்று அவரிடமே எழுதி வாங்கினார். பத்து நாள் நான் சிரித்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன்.

சவரிமுத்துவின் பட்டறையில் சிரிப்பு நின்றது. ஃப்யூஸ் கட்டைகளும் பொம்மைகளும் செய்யும் பட்டறை, பதினோரு பெண்களுக்கு வேலை. நிலம் இறந்துபோன அப்பாவுடையது; அம்மாவும் இல்லை. சவரிமுத்து ஒரே வாரிசு என்று வங்கியின் வக்கீல் எழுதியிருந்தார். பேசல் சார் சுவரில் இருந்த குடும்பப் படத்தின் முன்னால் நின்றார்.

"இந்தப் பொண்ணு யாருங்க?"

"எங்க அக்கா சார், ஆரோக்கியமேரி. சேத்தியாத்தோப்புல கட்டிக் குடுத்துருக்குது."

"அப்பா உயில் எழுதினாரா?"

"இல்லீங்க."

"அப்ப பாதி நிலம் அவங்களுது."

"கல்யாணத்தப்பவே எல்லாம் செஞ்சாச்சுங்க சார்."

"அது வேற. சட்டப்படி சமபங்கு."

கிளைக்குத் திரும்பியதும் மேனேஜர் கெஞ்சினார். "இந்த ஒண்ணுக்கு மட்டும் நிற்கும்னு போட்டுடுங்க. இல்லாட்டி அந்தாளுக்கு மறுபடி கடன் கெடைக்காது, பட்டறைய மூடிடுவான்."

பேசல் சார் வக்கீலின் கடிதத்தை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு, 'பாதி நிலத்துக்குச் செல்லாது' என்று எழுதினார்.

சூளை அணைந்தது. சவரிமுத்து வங்கிக் கவுண்டருக்கு வந்து, "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் பேசல் சாரோடு டீ குடிக்கப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவர் ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, "சேத்தியாத்தோப்பு பஸ்ஸு எங்க நிக்கும்?" என்று கேட்டார். எனக்கு என்னவோ போலிருந்தது. நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

ஆரோக்கியமேரி வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். வங்கியிலிருந்து வருகிறோம் என்று சொன்ன பிறகும் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"கையெழுத்து போட்டு விட்டுக்குடுன்னு தம்பி சொல்லி அனுப்புச்சா?"

"இல்லைங்க. அவருக்குத் தெரியாது. உங்களுக்குப் பங்கு இருக்குதுன்னு சொல்ல வந்தேன். குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

அந்த அம்மாள் நெல்லைத் துழாவுவதை நிறுத்தினார். "அப்பா போயி ஒம்போது வருசம் ஆச்சு. இந்த வார்த்தைய எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்லைங்க" என்றார். பிறகு உள்ளே போய் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்.

கொஞ்ச நாளில் அவரே கிளைக்கு வந்தார், தம்பியையும் கூட்டிக்கொண்டு.

"விட்டுக்குடுக்க மாட்டேங்க. ஆனா பட்டறை நடக்கணும். பங்குக்காரின்னு எழுதுங்க, அடமானத்துல நானும் கையெழுத்து போடறேன்."

பேசல் சார் புதுப் பத்திரத்தை சவரிமுத்துவின் பக்கம் நகர்த்தினார். சவரிமுத்து தலை நிமிரவில்லை. "அக்கா மொதல்ல போடட்டும் சார்" என்றார்.

இரண்டு மாதம் குளிர்ந்து கிடந்த சூளை மறுபடி எரிந்தது. சான்று தாமதமானதற்காகத் தலைமை அலுவலகத்தில் கிளையிடம் விளக்கம் கேட்டார்கள். பேசல் சாருக்குப் பதவி உயர்வு நின்றுபோய், பாஷை தெரியாத ஊருக்கு மாற்றல் வந்தது.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் அக்காவும் தம்பியும் ஒரு பீங்கான் யானையோடு வந்தார்கள்.

"பரிசு வாங்கக் கூடாதுங்க. விதி."

யானையை நீட்டிய சவரிமுத்துவின் கை அப்படியே நின்றது. ஆரோக்கியமேரி விடவில்லை. "சரிங்க. தம்பி வூட்டுல மீன் கொழம்பு வச்சிருக்குது. சாப்புடறதுக்கும் விதி இருக்குதா?"

பேசல் சார் உண்மையாகவே யோசித்தார். "சாப்பாட்டப் பத்தி எங்கயும் படிச்ச ஞாபகம் இல்லை" என்றார்.

அன்று ராத்திரி என்னையும் கூட்டிக்கொண்டு சவரிமுத்து வீட்டுக்குப் போனார். மூன்று வருஷமாக மெஸ் சாப்பாட்டில் இருந்த மனிதர். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். ஆரோக்கியமேரியிடமிருந்து கரண்டியை வாங்கிப் பரிமாறியது நான்தான். போதும் என்று அவர் கையால் மறித்த பிறகும், இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.