கேசட்டுக்குள் மாட்டிக்கொண்ட என் வயசு

ஆவடி குவார்ட்டர்ஸ்,
14-3-93.

சிரஞ்சீவி மைத்துனன் நாகேந்திரனுக்கு அத்தான் கலியமூர்த்தி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அக்கா தாட்சாயிணியும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதியாயிற்று.

வருகிற மே மாதத்தோடு எனக்கு ஃபேக்டரியில் ஓய்வு. கோவில்பதாகையில் கட்டுகிற வீடு ஜன்னல் உயரத்திலேயே நிற்கிறது, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது? என் நிஜ வயசு இரண்டு குறைச்சல் என்று அம்மா சாகும்வரை சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்களாம், எனக்கு நீளக் கை, தொட்டுவிட்டேன், வாத்தியார் வயசைக் கூட்டி 1935 ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார். இதற்கு இருந்த ஒரே அத்தாட்சி என் ஜாதகம். அதைத்தான் நீ சிங்கப்பூரிலிருந்து கம்ப்யூட்டர் கொண்டுவந்த வருஷம், எல்லார் ஜாதகத்தையும் கேசட்டில் ஏற்றியாச்சு, இனிமேல் காகிதம் எதற்கு என்று போகியில் போட்டுக் கொளுத்தினாய். நானும் பக்கத்தில் நின்று மேளம் தட்டினேன், புத்தி கெட்டவன்.

கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டேன். நீ ராசி நட்சத்திரம் எல்லாம் வாசிப்பாய் என்று உன் அக்கா விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வந்தது கீ...ச்சென்று ஒரு சத்தம். மிக்சியில் கரண்டி மாட்டிக்கொண்டதா என்று பக்கத்து வீட்டு ஞானம்மாள் ஓடி வந்தார். அப்புறம்தான், அந்தக் கீச்சுதான் ஜாதகம், அது கம்ப்யூட்டருக்குத்தான் புரியும் என்று நீ போனில் சொன்னபடி, பரணிலிருந்து கம்ப்யூட்டரை இறக்கி டி.வி.யிலும் டேப் ரெக்கார்டரிலும் மாட்டினேன். சத்தத்தைக் கூட்டினால் கோடு ஓடுகிறது, குறைத்தால் தப்பு தப்பு என்று இங்கிலீஷில் திட்டுகிறது. கரண்ட் ஆடக்கூடாதென்று மிக்சியை நிறுத்தச் சொன்னேன், ஒரு வாரமாக எனக்குச் சட்னியும் கிடையாது.

எதற்கும் ஒரு நகல் இருக்கட்டும் என்று சேக்காட்டில் கேசட் பதிவு செய்து கொடுக்கிற பால்ராஜிடம் போனேன். தங்கமான மனுஷன். மறுநாள் நகலைக் கையில் கொடுத்து, "இன்னா சார், ஒரே கொரகொரன்னு கீது? அல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டேன், சும்மா கீற எடத்துல ரெண்டு அம்மன் பாட்டும் போட்டுகீறேன்" என்றார். நல்லவேளை, அசல் தப்பித்தது.

கடைசியில் அசலையே ஆபீசுக்கு எடுத்துப்போய்ப் போட்டுக் காட்டினேன். செக்‌ஷனே வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது. ஆபீசர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார், கேட்டுவிட்டு, "இதில் எந்த இடத்தில் நீங்கள் பிறக்கிறீர்கள்?" என்றார். முப்பது வருஷ சர்வீசில் எனக்கு இப்படி அவமானம் நேர்ந்ததில்லை. மாப்பிள்ளை, கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன். பெங்களூரில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்து, என் ஜாதகத்தை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போ.

உனக்கும் குழந்தைகளுக்கும் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும். உன் மேல் உள்ள வருத்தம் ஆசீர்வாதத்தில் சேராது.

இப்படிக்கு,
கலியமூர்த்தி

பி.கு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அக்கா எரிச்சலில் டேப் ரெக்கார்டரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். டி.வி.யில் என் ஜாதகம் கட்டம் கட்டமாக வந்துவிட்டது. வருஷம் ஸ்ரீமுக, அதாவது 1933. கூட்டிப் பார்த்தேன், வாத்தியார் வயசைக் கூட்டவில்லை, குறைத்திருக்கிறார். கணக்குப்படி நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நீ வரவேண்டாம். கேசட் அடியோடு கெட்டுவிட்டது, எந்தக் காலத்திலும் மீட்க முடியாது என்று எங்கள் ஆபீசருக்கு மட்டும் உடனே ஒரு கடிதம் போடு.