முகாமுக்குள் போகாத முகாம் நிபுணர்

நம் பக்கத்தில் முகாம் நிபுணர் என்று ஓர் இனம் உண்டு. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வருகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஒருவர் அவராகத்தான் இருப்பார். இலங்கைத் தமிழர் முகாமின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். ஆனால் உள்ளே எத்தனை வீட்டில் ஏசி ஓடுகிறது, யாருக்கு எந்த நாட்டிலிருந்து பெட்டி வருகிறது, யார் ரேஷனில் எத்தனை மூட்டை தூக்கினார்கள், யார் எப்போது சொல்லாமல் கொள்ளாமல் போகப் போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. யார் சொன்னது? "சொன்னாங்க." யாருங்க? "அட, சொன்னாங்கப்பா!"

இப்போது அந்த இனத்தில் ஒருவரான ஆதப்பனைப் பார்ப்போம். நகரத்தார் வீட்டுப் பிள்ளை, சென்னையில் வியாபாரம், வயது அறுபது. மகள் மதுமிதாவின் கல்யாணத்தை முன்னிட்டுத் திருமயம் பக்கத்துப் பூர்வீக வீட்டைத் திறந்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டே நாள். பெயிண்டர் கவியரசன் சாரத்தில் நின்று சுவரைத் தேய்க்க, இவர் கீழே நாற்காலி போட்டுப் பாடம் நடத்துவார்.

"ஒனக்குத் தெரியாது கவி. முகாம் ஆளுக நம்மள மாதிரி இல்ல. மாசம் பொறந்தா சும்மா பணம். ஒருத்தனும் வேலைக்குப் போறதில்ல."

"அப்படிங்களா?" சாரத்தின் மேல் உப்புத்தாள் சர்ர் சர்ரென்று ஓடியது.

"வாயைத் தொறந்தாப் போதும், முகாம் ஆளா இல்லையானு பேச்சை வச்சே சொல்லிப்புடுவேன்."

"பெரிய விசயந்தாங்கய்யா."

இப்படி ஆறு நாள். ஏழாம் நாள் சாயங்காலம் கவியரசன் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு வரமாட்டேங்கய்யா. முகாம்ல ஆள் கணக்கு எடுக்குறாக. நேர்ல நின்னு கையெழுத்துப் போடணும்."

"முகாம்லயா? ஒனக்கென்னப்பா அங்க வேலை?"

"பொறந்ததே அங்கதாங்க. முப்பத்தி மூணு வருசமாச்சு."

ஆதப்பன் முகம் மாறியது. கவியரசனுக்கு இந்த முகம் புதிதல்ல. இதற்கு முன் இரண்டு வீடுகளில் இந்த முகத்தோடு வேலை நின்றிருக்கிறது. "நாளன்னைக்கு வரவா, வேணாமாய்யா? வேணாம்னா இப்பவே சாரத்தைப் பிரிச்சிருவேன்."

"இரு, உள்ள கேட்டுச் சொல்றேன்."

எந்த விஷயத்தையும் உள்ளே கேட்டுச் சொல்கிற ஆளா ஆதப்பன்? அன்றைக்குக் கேட்டார். உள்ளே அவர் மனைவி சாலா, கல்யாணத்துக்கு முன் முன்னோருக்கு இலை போடுகிற படைப்புக்காகப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"வேற ஆளு பாப்போம் சாலா. இவன் முகாமாம்ல!"

"என்ன செஞ்சாரு அவரு?"

"ஒண்ணும் செய்யல. அதான் சந்தேகமா இருக்கு."

"ஆறு நாளா வீட்டுச் சாவியே அவருகிட்டதான இருந்துச்சு? நீங்கதான குடுத்தீங்க?"

"அப்ப தெரியாதுல்ல!"

சாலா துலக்கிய பாத்திரங்களில் ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தார். நசுங்கிய அலுமினியக் குவளை. ஆதப்பனின் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், அவர் பெயரும் ஆதப்பன்தான், பர்மாவில் கடையும் தேக்குமாகச் செழித்திருந்து, ஜப்பான் சண்டையில் குண்டு விழுந்ததும் கட்டிய வேட்டியோடு காடு மலை நடந்து வந்தவர். வழியில் ஒரு முகாமில் மூன்று மாதம் வரிசையில் நின்று கஞ்சி வாங்கிய குவளை அது. அந்த வீட்டுப் படைப்பில் இன்றைக்கும் பணியாரம், வடை, பாயசம் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் குவளையில் உப்புக் கஞ்சிதான் வைக்க வேண்டும். நாற்பது வருடமாக ஆதப்பன் கையாலேயே வைக்கிறார்.

"இது யாரு குடுத்ததுங்க?"

"முகாம்ல குடுத்தது."

"ஒங்க ஐயா அங்க யாரா இருந்தாக?"

"அவுக திரும்பி வந்தவுக. அது வேற."

"சரிங்க. அந்தத் தம்பி வாசல்ல நிக்கிது. அதுகிட்டயும் இதையே சொல்லிட்டு வாங்க."

ஆதப்பன் குவளையைப் பார்த்தார். பாதி வெள்ளையும் பாதி அழுக்குமாக நின்ற சுவரையும் பார்த்தார். எது அவரைத் தள்ளியதோ தெரியாது, வெளியே வந்தார்.

"நாளன்னைக்கு வெள்ளனவே வந்துரு கவி. சாவிய நீயே வச்சுக்க."

கவியரசன் சாரத்தைப் பிரிக்கவில்லை. வீடு நேரத்துக்கு முடிந்தது. கல்யாணப் பந்தியில் அவரை முன் வரிசையில் உட்காரவைத்துப் பணியாரம் பரிமாறியது சாட்சாத் ஆதப்பனேதான்.

நிபுணர் ஆதப்பன் திருந்திவிட்டாரா? போன வாரம் அதே பஸ்ஸில், அதே சீட்டில்: "முகாம் ஆளுகளா? நம்பவே கூடாதுப்பா. நம்ம கவி இருக்கானே, அது வேற."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டு உங்கள் வீட்டுச் சுவரையும் ஒரு பார்வை பாருங்கள். வெள்ளத்துக்கோ பஞ்சத்துக்கோ சண்டைக்கோ பயந்து, எங்கிருந்தோ மூட்டையோடு ஓடிவந்த ஒருவர் அங்கே மாலை போட்ட படத்தில் இருப்பார். இல்லவே இல்லை, எங்கள் தாத்தா பிழைப்புத் தேடித்தான் வந்தார் என்கிறீர்களா?

சரி, சரி. அது வேற.